எடுத்துக்காட்டு நான்கு

சென்னை
30-6-1968

அன்புள்ள ஜைத்தூன்,

வந்து சேர்ந்து பதினேழு நாள் ஆகிறது. ஒரு கார்டுகூடப் போடவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். நேரில் இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

திருவல்லிக்கேணியில் பெண்கள் விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அறைக்கு நாலு பேர். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. குழுவில் மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் ஆண்கள். தலைவர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஒன்றாம் வகுப்புக்குள் அவர் கடைசியாகக் காலை வைத்தது அவரே ஒன்றாம் வகுப்புப் படித்தபோதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் வேலை, ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு ஆசிரியர் கைநூல் எழுதுவது. மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளிக்கும் போகும்.

முதல் நாள் ஒருவர் தான் எழுதியதைப் படித்தார். "ஆசிரியர் மேசை மேல் ஐந்து ஆப்பிள்களை வைப்பார்." என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, எங்கள் ஊர்ப் பள்ளியில் மேசையே இல்லை" என்றேன். பிறகு நம் மணிகளைப் பற்றிச் சொன்னேன். பீங்கான் பட்டறையில் மின்சார அடுப்புக் கம்பிக்காகச் செய்கிற மணியில் கழித்துப் போட்டதை நாம் கூடையில் வாங்கி வந்தது, பத்துப் பத்தாகக் கயிற்றில் கோத்தது, பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடியது, எல்லாம். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இதை எழுதுங்கள்" என்றார்.

எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, எழுத வேண்டியதெல்லாம் உன்னிடம் இருக்கிறது என்று. நான் பாடம் நடத்தினேன். நீதான் உட்கார்ந்து எழுதினாய். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது, ஏன் விழுகிறது என்று நீ வைத்திருக்கும் மூன்று நோட்டுகளைப் போல இங்கே ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அவற்றை அனுப்பு. இரண்டே வாரம். பத்திரமாகத் திரும்பி வரும்.

உன்
அம்சா


விருத்தாசலம்
9-7-1968

அம்சா,

பதினேழு நாள் இல்லை, பத்தொன்பது. கணக்கு டீச்சர்!

நீ போன பிறகு உன் வகுப்பையும் சேர்த்து எண்பத்தொரு பிள்ளைகளை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியர் சுப்புராயன் சார் தினமும் வந்து, "அம்சவல்லி டீச்சர் இல்லாம நம்ம ஸ்கூலே காத்தாடுதுங்க" என்கிறார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் நான் காற்றுப் போல.

நோட்டுகளைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. உனக்கு என்பதால் தருகிறேன். அண்ணன் ஷபியுல்லா கடைக்குச் சரக்கு எடுக்க வெள்ளிக்கிழமை மெட்ராஸ் வருகிறார். விடுதி வாசலில் கொடுப்பார். உள்ளே கூப்பிட்டு டீ கொடு, மனுஷன் கூச்சப்படுவார்.

ஒரு கண்டிப்பு. அந்த நோட்டுகளில் பிள்ளைகளின் பெயர், அப்பா பெயர், அவர் பார்க்கும் வேலை எல்லாம் இருக்கிறது. நமக்குள் அடையாளம் தெரிவதற்காக எழுதியது. ஒரு பெயர்கூட வெளியே போகக் கூடாது. பிள்ளை தப்புப் போட்டதை அதன் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை, அது உனக்கே தெரியும்.

இரண்டாவது நோட்டின் நடுவில் புதிதாகச் சில பக்கங்கள் இருக்கும். நீ போன பிறகு நடந்தது. மண் குழைக்கிற கோவிந்தராசு மகள் ஆராயி ஞாபகம் இருக்கிறதா? மூக்குத்தி போட்டுக்கொண்டு, ஓயாமல் வாயில் பாவாடை நுனியை வைத்துக் கடிக்கும் அது. ஒன்பதை எழுது என்றேன். 90 என்று எழுதியது. தொண்ணூறை எழுது என்றேன். 900 என்று எழுதியது. ஏன் புள்ள என்றேன். "இருவது, முப்பது, நாப்பது, எல்லாத்துலயும் பதுன்னு வந்தா ஒரு சைபரு போடச் சொன்னீங்கதானே டீச்சர்? ஒம்பதுலயும் பது இருக்குதே. நூறுன்னு வந்தா ரெண்டு சைபரு. தொண்ணூறுல நூறு இருக்குதே" என்றது.

அம்சா, பத்து வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், என் காதில் விழவே இல்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன், படி. அந்த இடத்தை மட்டும் எப்படியாவது கைநூலில் கொண்டுவந்துவிடு. பிள்ளை தப்பாக எழுதினால், அதை அடிப்பதற்கு முன்னால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வேறு ஒன்றும் நம் நோட்டுகளில் இல்லை.

ஜைத்தூன்


சென்னை
16-7-1968

ஜைத்தூன்,

நோட்டுகள் வந்தன. அண்ணன் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்று டீ குடித்தார். இரவெல்லாம் படித்தேன். ஆராயியை நினைத்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

ஒரு பெயரும் வெளியே வராது. என் மேல் சத்தியம்.

அம்சா


விருத்தாசலம்
12-6-1969

அம்சவல்லிக்கு,

பதினொரு மாதத்தில் நான் போட்ட நாலு கடிதங்களுக்குப் பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது புரிகிறது.

கைநூல் வந்துவிட்டது. நேற்று ஆசிரியர் கூட்டம் நம் பள்ளியில்தான் நடந்தது. சுற்று வட்டாரத்திலிருந்து நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் கட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்குச் சந்தோஷம்தான். அட்டையைத் தடவிப் பார்த்தேன்.

"நம்ம ஊரு பேரு புக்குல வந்திருக்குதுங்க. முப்பத்தேழாம் பக்கம். சுப்புராயன், நீங்க படிங்க" என்றார் இன்ஸ்பெக்டர். சுப்புராயன் சார் எழுந்து நின்று படித்தார். நீ மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன்.

"மந்த புத்தியுள்ள குழந்தைகள். எடுத்துக்காட்டு நான்கு. ஆராயி, வயது ஏழு. தந்தை கோவிந்தராசு, பீங்கான் பட்டறையில் மண் குழைக்கும் கூலி, விருத்தாசலம். இச்சிறுமி ஒன்பதை 90 என்றும் தொண்ணூறை 900 என்றும் எழுதுகிறாள். இத்தகைய குழந்தைகளைப் பின் வரிசையில் தனியே அமர்த்தி, மணிகளைக் கொண்டு, பொறுமையுடன் கூடிய கண்டிப்புடன் பயிற்சி அளித்தல் நலம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஏன் அப்படி எழுதினாள் என்பது இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள். "தொள்ளாயிரமா! அடிசக்கை!" என்றது ஒரு குரல். முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "பட்டறை கோவிந்தராசா? எங்க தெரு ஆளுதான்" என்றார். அவர் அதைச் சொன்ன கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் இது எங்கே போய்ச் சேரும் என்று.

இன்று காலையில் சுப்புராயன் சார் வகுப்புக்கு வந்து, கைநூலில் உள்ளபடி நடக்கட்டும் என்றார். மணிக் கயிறுகளை எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் வாங்கி, பின் வரிசையில் ஆராயியையும் சேர்த்து ஒன்பது பேரை உட்காரவைத்து, அவர்கள் கையில் மட்டும் கொடுத்தார். நேற்றுவரை மணிக்காக அடித்துக்கொண்ட பிள்ளைகள். இன்று இடைவேளையில் கேட்டேன், ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டுகிறாள்: "போடி மணி!" ஒரே நாளில் அது வசவாகிவிட்டது.

நீ சத்தியம் செய்த கார்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அச்சடிக்கும் முன் ஒரு தடவையாவது இந்தப் பக்கத்தைப் படித்தாயா? அதை மட்டும் சொல்.

ஜைத்தூன் பீவி


சென்னை
25-6-1969

அன்புள்ள ஜைத்தூன்,

உன் கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருந்தது. ஆனால் நீ இங்குள்ள நிலையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

கைநூல் என்பது ஒருவர் எழுதும் கதை அல்ல. ஏழு பேர் எழுதுகிறார்கள், தலைவர் திருத்துகிறார், பிறகு அலுவலகத்தில் தட்டச்சு ஆகிறது, அங்கே ஒருவர் பக்கத்தைக் குறைக்கிறார். நான் அனுப்பியது ஒன்று, அச்சில் வந்தது வேறொன்று. அந்தப் பத்தியைத் தலைவர் வெட்டி எழுதியிருக்க வேண்டும். பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு ஓர் உயிர் தரும் என்பது அவர் கருத்து. எனக்கும் காய்ச்சல், மெய்ப்புத் திருத்தும் வாரத்தில் விடுதியில் படுத்திருந்தேன்.

ஆராயி என்ற பெயர் நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு உண்டு. நாளாவட்டத்தில் மறந்துவிடுவார்கள். ஒரு பிள்ளையின் பொருட்டு, மணிகள் இன்று எத்தனையோ பள்ளிகளுக்குப் போயிருப்பதை நீ மறந்துவிடக் கூடாது. முன்னுரையில் "மற்றும் பல ஆசிரியர்கள்" என்று நன்றி சொல்லியிருக்கிறது. அதில் நீயும் அடக்கம்.

நோட்டுகளை விரைவில் அனுப்புகிறேன்.

அம்சவல்லி


விருத்தாசலம்
20-7-1969

மதிப்பிற்குரிய அம்சவல்லி அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

கோவிந்தராசு சென்ற திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்து வெடித்திருந்தது. வகுப்புக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று, "டீச்சர், அந்தப் புக்குல எம் பொண்ணு பேரு இருக்குதாமே. காட்டுங்க" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது தங்களுக்கும் தெரியும். நான் பக்கத்தைக் காட்டினேன்.

"படிங்க."

படித்தேன். வேறு என்ன செய்ய? மாற்றிப் படிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மாற்றிப் படிப்பது தங்களுக்குத்தான் கைவந்த கலை.

"மந்தமுன்னா என்னாங்க?"

நான் புத்தகத்தை மூடினேன். அவரே, "தெரியுமுங்க. தெருவுல சொன்னாங்க. உங்க வாயால கேக்கலாமுன்னு வந்தேன்" என்றார். பிறகு கேட்டார்: "நீங்க எழுதிக் குடுத்ததுதானே இது?"

"ஆமாங்க, ஆனா நான் எழுதினது..."

"ஆமான்னுட்டீங்க. அது போதுமுங்க. போன வருசம் எங்க வூட்டுக்கு வந்து, எம் பொண்டாட்டி கண்ணம்மா கிட்ட, இந்தப் புள்ள கெட்டிக்காரின்னு சொல்லிட்டுப் போனீங்க. அவ அன்னிக்கி அடுப்பாங்கரையிலே ஒக்காந்து அழுதாளுங்க, சந்தோசத்துல. வாயில ஒண்ணு, புக்குல ஒண்ணுங்களா டீச்சர்?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆராயி மறுநாள் முதல் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கண்ணம்மாள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, திரும்பவும் சாத்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பிள்ளையைப் பெண்ணாடத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கரும்புக் கொல்லையில் காய்ந்து உதிர்ந்த சோகை பொறுக்க.

தலைவர் வெட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். "பொறுமையுடன் கூடிய கண்டிப்பு." கடலூரில் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். தாங்கள் எழுதிய ஒவ்வொரு பாடக்குறிப்பின் கடைசியிலும் இந்த மூன்று சொற்கள் இருக்கும். நான் கேலி செய்வேன். கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு அவை எங்கிருந்து கிடைத்தன என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு நன்றி வேண்டாம். முன்னுரையில் இடம் வேண்டாம். அந்தப் பத்தி பொய் என்று அச்சில் வர வேண்டும். அது முடியாதென்றால், கோவிந்தராசுக்குத் தாங்களே எழுத வேண்டும். அவருக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அந்த ஆள் நானாக இருக்க முடியாது.

இப்படிக்கு,
ஜைத்தூன் பீவி
உதவி ஆசிரியை


சென்னை
3-2-1970

ஜைத்தூன்,

ஏழு மாதம் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. தலைவர் வெட்டவில்லை. அந்தப் பத்தியை நான்தான் எழுதினேன், ஒவ்வொரு சொல்லையும்.

முதலில் நீ எழுதியபடியே எழுதினேன். குழுவில் படித்தேன். "இக்குழந்தை பிழை செய்யவில்லை. நாம் சொன்ன விதியை நம்மைவிட உற்றுக் கேட்டிருக்கிறாள்" என்ற உன் வரியையும் அப்படியே படித்தேன். தலைவர் கேட்டார், "அப்படியென்றால் அந்தப் பெண் சரி, தமிழில் ஒன்பது என்ற சொல்தான் தவறு, இல்லையா அம்மா? விருத்தாசலத்தில் இனி ஒன்பதுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?" ஆறு பேரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார்.

வந்த நாளிலிருந்து அந்த ஆறு பேருக்கு நடுவில் நானும் ஒரு ஆள் என்று காட்டுவதற்குப் பாடுபட்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் மறுபடி ஊர் டீச்சராகிவிட்டேன். அடுத்த வாரம் யாரையெல்லாம் இரண்டாம் வகுப்புக் கைநூலுக்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க இருந்தார்கள். மத்தியானம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெயரையும் ஊரையும் அப்பா வேலையையும் சேர்த்தேன், நேரில் பார்த்து எழுதியதைப் போல இருக்க வேண்டும் என்பதற்காக. மறுநாள் படித்தேன். "இதுதான் கள அனுபவம்" என்று தலைவர் பாராட்டினார். நான் சிரித்தேன், ஜைத்தூன். அது என்னால் மறக்க முடியாதது.

உன் நாலு கடிதங்களையும் பிரிக்காமல் பெட்டிக்குள் போட்டேன். பிரித்தால் நீ ஆராயியைப் பற்றி எழுதியிருப்பாய் என்று பயம்.

சென்ற மாதம் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த எடுத்துக்காட்டு பொய், பிள்ளையின் விளக்கத்தை நானே நீக்கினேன், மூல நோட்டு உன்னுடையது என்று. அவர் அதை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தார். பிறகு திருத்தச் சீட்டு அச்சடிக்கச் சம்மதித்தார். என்னைக் குழுவிலிருந்து விடுவித்துவிட்டார்கள். நம் மாவட்டத்துக்கே திரும்பி வருகிறேன். காலியிடங்களின் பட்டியலைக் கொடுத்து, எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நம் பள்ளியும் அதில் இருக்கிறது. என் பழைய வகுப்பு, உன் வகுப்புக்குப் பக்கத்தில்.

நீ வா என்றால் அதை எழுதிக் கொடுக்கிறேன். உன் காலில் விழ வேண்டும் என்றாலும் விழுகிறேன். நோட்டுகள் மூன்றும் இத்துடன் தனிப் பார்சலில் வருகின்றன.

அம்சா


விருத்தாசலம்
15-3-1970

அம்சவல்லி,

நோட்டுகள் வந்தன. திருத்தச் சீட்டும் பள்ளிக்கு வந்தது. பஸ் டிக்கெட் அளவுதான் இருக்கிறது. "பக்கம் 37, எடுத்துக்காட்டு நான்கு நீக்கப்படுகிறது." ஏன் என்று இல்லை. அதிலும் ஏன் என்பதை விட்டுவிட்டார்கள்.

அதை எடுத்துக்கொண்டு கோவிந்தராசு வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கண்ணம்மாள் கதவைச் சாத்தவில்லை. கோவிந்தராசு சீட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "என்னாத்தை நீக்கினாங்க டீச்சர்? பேரையா, மந்தத்தையா?" என்றார். உன் கடிதத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். காலில் விழுவதை மட்டும் படிக்கவில்லை. அது எனக்கும் உனக்கும் உள்ளது. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அப்ப அந்தம்மாவும் பின் வரிசைக்குப் பயந்துதான் இப்படிப் பண்ணியிருக்காங்க." கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. அவ்வளவு சுலபமாக உன்னைப் புரிந்துகொள்ள என்னால் இன்னும் முடியவில்லை.

அவரிடம் கேட்டுக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் பஸ் ஏறினேன். அத்தை பெயர் அமிர்தம். கொல்லையில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆராயி சோகைக் கட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பாவாடை நுனியைக் கடிப்பதில்லை. என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"நல்லாருக்கியா புள்ள?"

"இருக்கேன் டீச்சர்."

பேச்சுக்காகக் கேட்டேன், "காலையிலேருந்து எத்தினி கட்டு போட்டே?"

அது கட்டுகளைப் பார்த்தது. உதடு அசைந்தது. அம்சவல்லி, நான் என் கண்ணால் பார்த்தேன், அந்தப் பிள்ளை எண்ணி முடித்துவிட்டது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "தெரியாதுங்க டீச்சர்" என்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நம் பள்ளியைக் கேட்காதே. இடைவேளையில் ஒரே மரத்தடியில் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது. நீ பொய் எழுதியதுகூட ஒரு நாள் ஆறலாம். பிறகு காய்ச்சல் என்று எனக்கு எழுதினாயே, "ஒரு பிள்ளையின் பொருட்டு" என்று எழுதினாயே, அதை எழுதியபோது யாரும் சிரிக்கவில்லை. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து, எனக்காக, நிதானமாக எழுதினாய். அது ஆறாது.

அந்தப் பட்டியலைப் பார். பெண்ணாடம் இருக்கும். யாரும் கேட்காத இடம், கட்டாயம் இருக்கும். அதை எழுதிக் கொடு.

அமிர்தத்திடம் பேசிவிட்டேன். கரும்பு ஆலை ஆட்டம் முடிந்ததும் ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். "எந்த டீச்சரு கிட்ட?" என்று கேட்டார். வரப்போகிறவர் யார் என்று நான் சொல்லவில்லை. நீயே போய்ச் சொல். பெயரைச் சொல், முப்பத்தேழாம் பக்கத்தை எழுதியது நான்தான் என்று சொல். அதற்குப் பிறகும் அனுப்பினார்கள் என்றால் அவர்கள் பெருந்தன்மை. அனுப்பாவிட்டால் தினமும் போய்க் கொல்லையில் நில்.

உன் வகுப்புக்கு அது வந்தால் முன்னால் உட்காரவை. ஒன்றும் கேட்காதே. எண்ணச் சொல்லாதே. அதற்குத் தெரியும் என்பதை அதனிடம் நிரூபிக்கப் பார்க்காதே, கெட்டிக்காரி என்று புகழாதே. அந்த வார்த்தையை நாம் இருவரும் அந்த வீட்டில் கெடுத்துவிட்டோம். உன் பாட்டுக்குப் பாடம் நடத்து. ஒரு வருஷம் ஆனாலும் சரி, இரண்டு ஆனாலும் சரி.

ஒரு நாள் நீ பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து, "ஏன் டீச்சர்?" என்று அது கேட்டால், அன்றைக்கு எனக்கு ஒரு கார்டு போடு.

அதுவரை எழுதாதே.

ஜைத்தூன்